இலத்தீனா, பிரெஞ்சா? ஏழாம் வகுப்புக்குப் போகும் மகளுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நாங்கள் ஜெர்மனியில், டோர்ட்முண்ட் நகருக்குப் பக்கத்தில் வசிக்கிறோம். மகள் கிம்னாசியத்தில், அதாவது பல்கலைக்கழகப் படிப்புக்கு ஆயத்தப்படுத்தும் பாடசாலையில், ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். ஏழாம் வகுப்பிலிருந்து இரண்டாவது அந்நிய மொழி ஒன்றைத் தொடங்க வேண்டும். இலத்தீன் அல்லது பிரெஞ்சு. தேர்வுத் தாளை இன்னும் சில வாரங்களில் பாடசாலையில் கொடுக்க வேண்டும். அவளை மருத்துவராக்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. இலத்தீன் இல்லாமல் மருத்துவம் படிக்க முடியாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். மகள் வகுப்பில் அதிகம் வாய் திறக்காதவள், கூச்ச சுபாவம். இலத்தீனில் பேச வேண்டியதில்லை என்பதால் அதுவே அவளுக்குப் பொருத்தம் என்றும் நினைக்கிறோம். ஆனால் எங்கள் இருவருக்கும் அந்த மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாது, வீட்டில் எப்படி உதவுவது? சுமை கூடிவிடும் என்பதால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை நிறுத்தும்படி ஓர் ஆசிரியை ஆலோசனை சொல்கிறார். நிறுத்தலாமா? கணிதத்தில் அவள் கெட்டிக்காரி. ஜெர்மன் மொழியில் 2, ஆங்கிலத்தில் 3 எடுக்கிறாள் (இங்கே 1தான் மிகச் சிறந்த புள்ளி). அவளோ பிரெஞ்சுதான் வேண்டும் என்கிறாள். பாரிசில் இருக்கும் பெரியம்மாவின் பிள்ளைகளோடு பேசலாமாம். தயவுசெய்து வழிகாட்டுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிம்னாசியத்தில் இந்த இரண்டு மொழிகளையும் கற்பித்து வருகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பருவத்தில் தமிழ்ப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விதான் இது. பெரும்பாலும் உங்கள் கடிதத்தில் உள்ள வரிசையிலேயே கேட்பார்கள்: முதலில் மருத்துவம், கடைசியில் பிள்ளையின் விருப்பம்.

மருத்துவத்தை முதலில் முடித்துவிடுவோம். ஜெர்மனியில் மருத்துவம் படிக்க இலத்தீன் தேவையில்லை. பாடசாலையில் குறிப்பிட்ட ஆண்டுகள் இலத்தீன் படித்துத் தேறியவர்களுக்குக் கொடுக்கப்படும் ‘லாட்டீனும்’ என்ற சான்றிதழை எந்த மருத்துவ பீடமும் கேட்பதில்லை. மருத்துவ மாணவர்கள் படிப்பின் தொடக்கத்தில் மருத்துவக் கலைச்சொற்களுக்கென்று ஒரு பாடநெறியைக் கட்டாயம் முடிக்க வேண்டும். அதில் வரும் இலத்தீன், கிரேக்கச் சொற்களை இலத்தீன் படிக்காதவர்களும் படித்துத் தேறிவிடுகிறார்கள். சட்டத்துக்கும் இலத்தீன் தேவையில்லை. இறையியல், பழைய வரலாறு, இலத்தீன் ஆசிரியப் படிப்பு போன்ற சிலவற்றுக்குத்தான் அது கேட்கப்படும், அதுவும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மருத்துவத்துக்கு இடம் கிடைப்பதில் பெரும்பங்கு வகிப்பது, பாடசாலை இறுதித் தேர்வான அபிட்டூரின் மதிப்பெண். ஆகவே உங்கள் கணவரின் ஆசைக்கு உதவக்கூடியது, மகள் விரும்பிப் படித்து நல்ல புள்ளி எடுக்கும் மொழி எதுவோ அது. விருப்பமில்லாமல் நான்கு ஆண்டுகள் இழுத்துக்கொண்டு போகும் இலத்தீன் அந்த ஆசைக்கு எதிராகத்தான் வேலை செய்யும்.

நான்கு ஆண்டுகள் என்றதற்குக் காரணம் உண்டு. அபிட்டூர் எழுத இரண்டு அந்நிய மொழிகள் வேண்டும். ஏழு முதல் பத்து வரை நான்கு ஆண்டுகள் இடைவிடாமல் படித்தால் இரண்டாம் மொழிக்கான நிபந்தனை நிறைவேறிவிடும். இடையில் மாற்றிக்கொள்வது மிகவும் கடினம். அதனால்தான் ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தேர்வுத் தாளுக்கு இவ்வளவு கனம்.

அடுத்து, கூச்சம். இலத்தீனில் பேச வேண்டியதில்லை என்பது பாதி உண்மை. இலத்தீன் மொழியில் பேச வேண்டியதில்லை, ஆனால் இலத்தீன் வகுப்பில் பேசியே ஆக வேண்டும். உங்கள் மாநிலத்தில் எழுத்துப் பரீட்சைக்கு ஈடான எடை, வகுப்பில் கை உயர்த்தி விடை சொல்வதற்கும் மற்றப் பங்களிப்புகளுக்கும் உண்டு. எந்த மொழிப் பாடமானாலும் இதுதான். இலத்தீன் வகுப்பில் பிள்ளை எழுந்து, ஒரு வாக்கியத்தைப் பகுத்து, இந்தச் சொல் ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்று ஜெர்மன் மொழியில் விளக்க வேண்டும். கூச்சமுள்ள பிள்ளைக்கு அது பிரெஞ்சில் ‘என் பெயர் இன்னது, எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’ என்று சொல்வதைவிடக் கடினமாக இருப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன். பிரெஞ்சில் எல்லோருமே முதல் நாளில் ஒன்றும் தெரியாதவர்கள், எல்லோரும் பிழை விடுவார்கள், சேர்ந்து உரக்கச் சொல்வார்கள். இடையில் ஓர் எழுத்துப் பரீட்சைக்குப் பதிலாக வாய்மொழிப் பரீட்சை வரும். அதைப் பெரும்பாலும் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்துதான் செய்வார்கள்.

இனி இலத்தீனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பிள்ளைகள் அந்த மொழியைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை என்பது என் நெடுநாள் நம்பிக்கை.

என் வகுப்பில் ஒரு தமிழ்ப் பையன் இருந்தான். இலத்தீன் சொற்களின் ஈற்றில் வரும் உருபுகள் அவனுக்குப் பிடிபடவே இல்லை. ‘க்ளாடியுஸ்’ என்றால் வாள். ‘க்ளாடியோ’ என்று வந்தால்? ஜெர்மன் மாணவர்கள் வாக்கியத்தில், ‘கொண்டு’ என்று பொருள்படும் ‘மிட்’ என்ற முன்னிடைச் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அவனும் தேடினான். வகுப்பு முடிந்ததும் தனியாக அழைத்து, ‘வாளைக் கொண்டு வெட்டினான் என்பதை ஒரே சொல்லில் வைத்துத் தமிழில் சொல்’ என்றேன். ‘வாளால் வெட்டினான்’ என்றான். ‘அந்த ஆல்தான் இந்த ஓ’ என்றேன். சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றான். அடுத்த நாள் ஏழு வேற்றுமைகளையும் தமிழில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்துவிட்டான். எட்டாவதான விளியை நான் சேர்த்துக் கொடுத்தேன்.

தமிழுக்கு எட்டு வேற்றுமை, இலத்தீனுக்கு ஆறு. விளி வேற்றுமைகூட எவ்வளவு நெருக்கம் பாருங்கள்: புரூட்டுஸ் என்பவனைக் கூப்பிட்டால் ‘புரூட்டே’, மகளைக் கூப்பிட்டால் ‘மகளே’. ‘மகள் தாயை நேசிக்கிறாள்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மன் மொழியில் மகளுக்கும் தாய்க்கும் முன்னால் ‘டீ’ என்ற ஒரே சுட்டுச்சொல்தான் வரும். யார் யாரை நேசிக்கிறார் என்பதைச் சொல்லின் இடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். இலத்தீனில் ‘ஃபீலியா மாத்ரெம் அமாட்’. சொற்களை இடம் மாற்றி ‘மாத்ரெம் ஃபீலியா அமாட்’ என்றாலும் பொருள் மாறாது. ‘தாயை மகள் நேசிக்கிறாள்’ என்று நாம் சொல்வதைப் போலத்தான். தாயின் ஈற்றில் ஒட்டிய ‘ஐ’ செய்யும் வேலையை அங்கே ‘எம்’ செய்கிறது. வினைச்சொல் கடைசியில் வந்து உட்காருவதும் நமக்குப் பழக்கமான இடம்தான். சீசர் எழுதியனுப்பிய மூன்று சொற்களை ‘வந்தேன், கண்டேன், வென்றேன்’ என்று நாமும் மூன்றே சொற்களில் சொல்லிவிடுகிறோம். ஜெர்மன்காரர் ஒவ்வொரு முறையும் ‘இஹ்’ (நான்) போட வேண்டியிருக்கிறது.

ஜெர்மன் மாணவர்கள் மூன்றாம் ஆண்டில் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘உர்பே காப்டா’ என்று இரண்டே சொற்கள். ஜெர்மன் மொழியில் ‘நகரம் கைப்பற்றப்பட்டதன் பின்பு’ என்று ஒரு முழுத் துணை வாக்கியம் கட்ட வேண்டும். தமிழில்? ‘நகர் பிடிபட்டதும்’. இரண்டே சொற்கள். எச்சங்களை அடுக்கிக்கொண்டு போய் கடைசியில் ஒரு முற்றில் வாக்கியத்தை முடிக்கும் பழக்கம் காதில் உள்ள பிள்ளைக்குச் சீசரின் நீண்ட வாக்கியங்கள் அந்நியமாகத் தோன்றாது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பிள்ளைக்குத் தமிழ் உண்மையாகவே தெரிந்திருக்க வேண்டும். பெற்றோர் தமிழில் கேட்க, பிள்ளை ஜெர்மன் மொழியில் பதில் சொல்லும் வீடுகளில் இந்த உதவி கிடைக்காது. அங்கே பிள்ளைக்குத் தமிழ்ச் சொற்கள் புரியும், உருபுகள் நாவில் இருக்காது.

ஆகவே சனிக்கிழமை வகுப்பை நிறுத்தாதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். அந்த ஆசிரியை நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் ஒரு மொழியை எடுத்துவிட்டால் இன்னொரு மொழிக்கு இடம் கிடைத்துவிடும் என்ற கணக்குத் தவறானது. சனிக்கிழமையில் சில மணி நேரம் மிச்சமாகும், அவ்வளவுதான். மகளிடம் இருக்கும் மொழிகளில் வேற்றுமை, எச்சம், விகுதி ஆகியவற்றைப் பெயர் சொல்லிப் படித்திருப்பது தமிழிலும் ஜெர்மனிலும்தான். அதில் ஒன்றை வெட்டிவிட்டு மூன்றாவதைக் கற்கச் சொல்வது எனக்கு விளங்காத யோசனை. உண்மையிலேயே வாரம் நிரம்பி வழிகிறது என்றால் வேறு எதையாவது குறையுங்கள். எதைக் குறைப்பது என்று அவளிடமே கேளுங்கள்.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் பாடசாலை நிர்வாகமே தாய்மொழி வகுப்புகள் நடத்துகிறது, அவற்றில் தமிழும் உண்டு. தமிழ்ச் சங்கங்கள் நடத்தும் சனிக்கிழமை வகுப்புகள் வேறு, இது வேறு. இதில் தொடர்ந்து படிக்கும் பிள்ளைகள் பத்தாம் வகுப்பின் முடிவில் ஒரு மொழிப் பரீட்சை எழுதுகிறார்கள். அதன் முடிவு பாடசாலைச் சான்றிதழில் இடம்பெறும். அதில் நல்ல புள்ளி எடுத்தால், வேறோர் அந்நிய மொழியில் விழுந்த குறைந்த புள்ளியை ஈடுசெய்யவும் விதிமுறையில் இடம் இருக்கிறது. பல தமிழ்ப் பெற்றோருக்கு இது தெரியாது.

இலத்தீனைப் பற்றி இவ்வளவு சொன்னதால், அதையே எழுதிக் கொடுங்கள் என்று முடிப்பேன் என நினைத்திருப்பீர்கள். இல்லை. உங்கள் மகளுக்கு என் ஆலோசனை பிரெஞ்சு.

காரணம் உங்கள் கடிதத்தின் கடைசியில் இருக்கிறது. நீண்ட கடிதத்தில் அவள் வாய் திறந்து கேட்ட ஒரே விஷயம் அதுதான். அதிகம் பேசாத ஒரு பிள்ளை, இன்னாரோடு பேச வேண்டும், அதற்காக இந்த மொழி வேண்டும் என்கிறாள். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தோழி எடுத்தாள் என்றோ, அக்கா சொன்னாள் என்றோ, மற்ற மொழி கஷ்டமாம் என்றோ வருகிறார்கள். பேசுவதற்கு ஆளை முன்கூட்டியே வைத்துக்கொண்டு வரும் பிள்ளை அபூர்வம். அந்த ஆள் வீட்டு மனிதராகவும் இருந்துவிட்டால் மொழி பாடப்புத்தகத்தோடு நிற்காது.

நம் குடும்பங்களின் கதையும் இதில் இருக்கிறது. 1980களிலும் அதற்குப் பிறகும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்ட சகோதரிகள் ஒருத்தி பாரிசிலும் ஒருத்தி டோர்ட்முண்டிலும் இன்னொருத்தி டொராண்டோவிலும் போய் இறங்கினார்கள். அவர்களுக்குள் தமிழ் போதும். அவர்களுடைய பிள்ளைகள் சந்திக்கும்போது பாதித் தமிழும் பாதி ஆங்கிலமுமாகப் பேசத் தொடங்கி, கொஞ்ச நேரத்தில் அவரவர் கைப்பேசிக்குள் போய்விடுகிறார்கள். கல்யாண வீடுகளில் இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகும். உங்கள் மகள் தமிழோடு பிரெஞ்சையும் கொண்டு பெரியம்மா வீட்டுக்குப் போகட்டும். கொலோனில் ரயில் ஏறினால் நான்கு மணி நேரத்துக்குள் பாரிசின் வடக்கு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் நடை தூரம். வாழையிலையும் முருங்கைக்காயும் விற்கும் கடைத்தெருவில் பிரெஞ்சைப் பழகிப் பார்க்கும் வாய்ப்பு அவளுடைய வகுப்பில் வேறு யாருக்கும் இருக்காது.

பிரெஞ்சு எளிது என்று சொல்ல மாட்டேன். எழுத்துக்கும் உச்சரிப்புக்கும் உள்ள தூரம் முதல் ஆண்டில் பிள்ளைகளைச் சோர்வடையச் செய்யும். மூன்று உயிரெழுத்துகளை வரிசையாக எழுதி ‘ஓ’ என்று வாசிக்க வேண்டும். வினைச்சொல்லின் கடைசியில் மூன்று எழுத்துகள் நிற்கும், ஒன்றுகூட ஒலிக்காது. எழுதியதை எழுதியபடி வாசிக்கும் தமிழுக்குப் பழகிய பிள்ளைக்கு இது அநியாயமாகத் தோன்றும். ஆங்கிலத்தில் 3 வாங்குவதற்கும் எழுத்துப் பிழைகள்தான் காரணமா என்று அவளுடைய பரீட்சைத் தாள்களை எடுத்துப் பாருங்கள். அப்படியானால் முதல் மாதத்திலிருந்தே சொற்களைப் பார்த்து எழுதுவது, மறைத்து எழுதுவது, பிறகு சரிபார்ப்பது என்ற வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். மாறாக, பேசத் தயங்குவதால்தான் அந்த 3 என்றால், அதை வைத்துப் பிரெஞ்சை மறுக்க வேண்டாம்.

பிரெஞ்சு எடுக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு கதவும் உண்டு. 1963இல் பிரான்சும் ஜெர்மனியும் செய்துகொண்ட எலிசே ஒப்பந்தத்தின் தொடர்ச்சியாக இரு நாடுகளும் சேர்ந்து ஓர் இளைஞர் அலுவலகத்தை அமைத்தன. அதன் உதவியோடு நடக்கும் பிரிகிட்ட சொசே பரிமாற்றத் திட்டத்தில், எட்டாம் வகுப்பு முதல் மாணவர்கள் ஏறக்குறைய மூன்று மாதம் பிரான்சில் ஒரு குடும்பத்தோடு தங்கி அங்குள்ள பாடசாலைக்குப் போகலாம். அந்த வீட்டுப் பிள்ளையும் அதேபோல் உங்கள் வீட்டில் வந்து தங்கும். பெண் பிள்ளையை மூன்று மாதம் அந்நியர் வீட்டில் விடுவதா என்று நம்மவர் தயங்குவார்கள், அந்தத் தயக்கம் எனக்குப் புரிகிறது. இப்போதே முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பில் அவளே கேட்டால் நினைவில் வைத்திருங்கள். மொழியறிவுக்குச் சான்றாக டெல்ஃப் பரீட்சையும் இருக்கிறது. பல பாடசாலைகள் அதற்கு ஆயத்தப்படுத்துகின்றன.

இலத்தீன் அவளுக்கு இத்தோடு போய்விடாது. பல கிம்னாசியங்களில் ஒன்பதாம் வகுப்பில் மூன்றாவது மொழியாகவோ, பதினோராம் வகுப்பில் புதிதாகவோ இலத்தீனைத் தொடங்கலாம். உங்கள் பாடசாலையில் அந்த வாய்ப்பு உண்டா என்று தாளைக் கொடுக்குமுன் கேட்டு வையுங்கள். பிரெஞ்சு தெரிந்தவளுக்கு இலத்தீன் சொற்களில் பல, பழகிய முகங்களாகவே வந்து நிற்கும்.

அவள் வளர்ந்து அந்தப் பக்கம் போனால் அவளுக்காக ஒரு புத்தகம் காத்திருக்கிறது. தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் கற்ற ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சானது, இலத்தீன் மொழியில். நம் வேற்றுமைகளை ஐரோப்பிய வாசகருக்கு அவர் இலத்தீன் வழியாகத்தான் விளக்கினார். வீரமாமுனிவரும் தம் தமிழ் இலக்கணங்களில் சிலவற்றை இலத்தீனில் எழுதினார். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். ஹாலேயில் இன்றும் தமிழ் ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. தமிழ், ஜெர்மன், இலத்தீன் மூன்றும் அறிந்து அவற்றின் முன் உட்காரக்கூடியவர்கள் மிகக் குறைவு. சனிக்கிழமை வகுப்பு வேண்டாம் என்று யாராவது இனிச் சொன்னால் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உதவுவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எந்த மொழி எடுத்தாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சொற்கள். சொல் கேட்பதற்கு அந்த மொழி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. சிறிய அட்டைகளும் ஐந்து அறைகள் கொண்ட ஒரு பெட்டியும் வாங்குங்கள். ஒரு பக்கம் பிரெஞ்சு, மறுபக்கம் ஜெர்மன். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். இரவுச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் போதும், ஆனால் ஒவ்வொரு நாளும் வேண்டும். பரீட்சைக்கு முதல் நாள் இரண்டு மணி நேரம் உட்காருவது பயன் தராது. நீங்கள் ஜெர்மன் பக்கத்தை வாசியுங்கள், அவள் மறுபக்கத்தைச் சொல்லட்டும். சில நாள் அவளைத் தமிழிலும் பொருள் சொல்லச் சொல்லுங்கள். தமிழில் சொல் வரவில்லை என்றால் நீங்கள் கொடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் நீங்களும் அவளுக்கு ஆசிரியை. தனிப்பட்ட ரியூஷனுக்கு இப்போதே பணம் கட்டாதீர்கள். அப்படி ஒரு தேவை வந்தால் அதே பாடசாலையின் மேல்வகுப்பு மாணவர் ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், பல பாடசாலைகளில் அதற்கு ஏற்பாடு உண்டு.

தாளைக் கொடுக்குமுன் இரண்டு காரியம் செய்யுங்கள். இரண்டு மொழி வகுப்புகளிலும் ஒரு பாடவேளை உட்கார்ந்து பார்க்க அனுமதி உண்டா என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். இலத்தீன் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு வந்து அவள் கண் விரிந்து பேசினால், நான் மேலே சொன்ன ஆலோசனையை ஒதுக்கிவிட்டு அவளோடு மறுபடி பேசுங்கள். கணிதம் பிடித்த பிள்ளைகளுக்குச் சில நேரம் அந்த மொழியின் ஒழுங்கு பிடித்துப்போவதுண்டு. மற்றது, இந்த வார இறுதியில் பாரிசுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் கொடுங்கள். அக்காமாரிடம் அவளே சொல்லட்டும், ஆவணியிலிருந்து பிரெஞ்சு படிக்கப் போகிறேன், என்னோடு இனிப் பிரெஞ்சிலும் பேச வேண்டும் என்று.